கொய்ஸுமி யாகுமோ

ஒருவன் எந்தத் தேசத்தில் பிறக்கிறான் என்பது அவன் விருப்பத்தைப் பொறுத்ததன்று. எந்தத் தேசத்தில் பிழைக்கிறான் என்பதும் பெரும்பாலும் தொழிலையும் ஊதியத்தையும் பொறுத்ததே. ஆனால் பிழைக்க வந்த தேசத்தைத் தன் தேசமாக வரித்துக்கொள்வதும், அதனால் நேரும் நஷ்டங்களையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதும் அவனவன் நெஞ்சைப் பொறுத்த விஷயங்கள். இங்ஙனம் செய்தோர் உலகில் மிகச் சிலர். அச்சிலருள் லாப்காடியோ ஹெர்ன் ஒருவர். ஜப்பானிய ஜனங்கள் அவரைக் கொய்ஸுமி யாகுமோ என்னும் பெயராலேயே இன்றும் போற்றுகின்றனர்.

அவர் செய்தது இன்னதென்று விளங்க வேண்டுமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் வசித்த ஆங்கிலேயரின் நிலையை நேயர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். 1858ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின் பயனாக யோகோஹாமா, கோபே, நாகஸாகி முதலிய துறைமுகங்களில் அந்நியர்க்கெனத் தனிக் குடியிருப்புகள் ஏற்பட்டன. அங்கே ஆங்கிலேயன் ஒருவன் குற்றஞ்செய்தால் அவனை விசாரிப்பவர் ஜப்பானிய நீதிபதியல்லர். ஆங்கிலக் கான்ஸலின் கோர்ட்டே விசாரிக்கும். அதற்கு ஈடாக, அவன் உள்நாட்டில் பிரயாணஞ்செய்ய அநுமதிச் சீட்டு வேண்டும். உள்நாட்டில் நிலம் வாங்க உரிமை கிடையாது. சலுகையும் வேலியும் ஒன்றாகவே வந்தன. வேலிக்குள் இருந்தவர்கள் கிளப்பு, குதிரைப் பந்தயம், தாய்நாட்டிலிருந்து வரும் கப்பல் தபால் ஆகியவற்றோடு காலங்கழித்தனர். வேலிக்கு வெளியே ஒரு பெருந்தேசம் தன் பருவங்களோடும் பண்டிகைகளோடும் வாழ்ந்துகொண்டிருந்தது.

ஹெர்ன் வேலிக்கு வெளியே சென்று வாழ்ந்தவர். அவரைத் தூய ஆங்கிலேயர் என்று சொல்வதற்கில்லை. 1850ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி, அப்போது ஆங்கிலேயர் பாதுகாப்பிலிருந்த கிரேக்கத் தீவாகிய லெவ்காதாவில் அவர் பிறந்தார். தந்தை ஆங்கிலப் பட்டாளத்தில் வைத்தியராயிருந்த ஐரிஷ்காரர். தாய் கிரேக்க மாது. இரண்டு வயதில் டப்ளின் நகரம் கொண்டுவரப்பட்ட குழந்தை, விரைவிலே தாயை இழந்தது. தாய் இறந்தாளில்லை; அந்நிய ஊரின் குளிரையும் தனிமையையும் பொறாது தன் நாடு திரும்பினாள். பின்னர்த் தந்தை விவாகத்தைச் சட்டப்படி செல்லாததாக்கி வேறொரு மாதை மணந்தார். தந்தையின் அத்தை ஒருவர் குழந்தையை வளர்த்தார். இங்கிலாந்தில் டர்ஹம் நகருக்கு அருகிலுள்ள கத்தோலிக்கக் கலாசாலையில் வாசிக்கையில், பதினாறாம் வயதில், விளையாட்டில் நேர்ந்த விபத்தால் இடக்கண் பார்வையற்றுப் போயிற்று. எஞ்சிய வலக்கண்ணும் கிட்டப்பார்வையுடையது. வளர்த்தவரின் செல்வமும் அழிந்தது. பத்தொன்பதாம் வயதில் கையில் காசின்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

ஆங்கிலப் பள்ளியிற் கற்று, ஆங்கிலத்திலே எழுதி, ஆங்கில அரசின் பிரஜையாயிருந்த இவரை ஜப்பானியர் ஆங்கிலேயரென்றே கருதியதில் வியப்பில்லை. எனினும் இவர் எந்த நாட்டிலும் முழுதும் ஒட்டாதவர் என்பதை மறத்தல் கூடாது.

அமெரிக்காவில் ஸின்ஸின்னாட்டி நகரத்துப் பத்திரிகையொன்றில் நிருபராகிப் பெயர் பெற்றார். அங்கே 1874இல், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஆலீதியா பாலி என்னும் மாதை மணந்தார். வெள்ளையரும் கறுப்பரும் கலந்து மணம் புரிவதை ஒஹையோ மாகாணச் சட்டம் அக்காலத்தில் தடுத்தது. அதன் பயனாக 1875இல் பத்திரிகை அவரை வேலையினின்று நீக்கிற்று. அந்த இல்வாழ்க்கையும் நீடிக்கவில்லை. 1877இல் நியூ ஆர்லியன்ஸ் நகரம் சென்று பத்தாண்டுகள் எழுதிப் பிழைத்தார். 1884இல் அவர் வெளியிட்ட ஒரு கதைத் தொகுதியில் மகாபாரதத்துத் திலோத்தமையின் கதையும், நம் பாட்டிமார் சொல்லும் வேதாளக் கதையும் இடம்பெற்றிருக்கின்றன. கீழ்நாட்டுக் கதைகளில் அவர் கொண்ட பற்று ஜப்பானுக்குச் சென்ற பிறகு தோன்றியதன்று. பின்னர் மார்ட்டினிக் தீவில் இரண்டாண்டு தங்கினார். இந்த அலைச்சலுக்கெல்லாம் பின், 1890ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் நாற்பதாம் வயதை எட்டுந்தறுவாயில், பத்திரிகைக் கட்டுரை எழுதும் பொருட்டு யோகோஹாமாவில் இறங்கினார். அனுப்பிய கம்பெனியோடு கூலி விஷயமாகப் பிணங்கி, அவ்வேலையை உடனே உதறினார். சர்வகலாசாலை ஆசிரியராயிருந்த சேம்பர்லேன் என்னும் ஆங்கில அறிஞரின் உதவியால் மத்ஸுயே என்னும் ஊரில் ஆங்கில உபாத்தியாயர் வேலை கிடைத்தது.

மத்ஸுயே ஜப்பானின் மேற்குக் கடற்புறத்தில், ஷின்ஜி என்னும் ஏரிக்கரையில், பழைய கோட்டையொன்றின் நிழலில் இருக்கும் ஊர். ஹெர்ன் அங்கே சேர்ந்தது ஆகஸ்டுக் கடைசி. செப்டம்பரில் பள்ளி தொடங்கிற்று. கோடையின் புழுக்கம் தணிந்து சரத்காலம் புகும் வேளை அது. அத்தேசத்தில் சரத்காலமென்பது கண்ணாலும் செவியாலும் ஒருங்கே அறியப்படுவது. பகற் சமமும் இராச் சமமுமாகிய நாளையொட்டி இறந்த முன்னோர்க்கு வழிபாடு நடக்கும். வயலோரங்களில் செந்நிறக் காந்தள் போன்ற மலர்கள் திடீரெனப் பூக்கும். பௌர்ணமி இரவில் நாணற்பூவும் மாவுருண்டையும் வைத்துச் சந்திரனைப் பார்த்திருப்பார்கள். புற்களுக்கிடையே பூச்சிகள் பாடத் தொடங்கும். பிறகு மேப்பிள் இலைகள் சிவக்கும்.

இவற்றையெல்லாம் ஹெர்ன் உல்லாசப் பிரயாணியின் கண்கொண்டு பாராமல், தினசரி வாழ்க்கையின் ஊடாகவே கண்டார். விடியற்காலையில் நெற்குத்தும் உலக்கையின் ஓசையைப் படுக்கையிற் கிடந்தபடியே கேட்டார். அதன்பின் கோயில் மணி. பின்னர் முள்ளங்கி விற்பவர் கூவுதல். பின்னர் ஆற்றங்கரையில் முகங்கழுவிச் சூரியனை நோக்கிக் கைதட்டி வணங்குவோரின் ஒலி. பின்னர்ப் பாலத்தின்மேல் மரப்பாதுகைகளின் ஓசை. செப்டம்பர் நடுவில் கிட்ஸுகி என்னும் புராதனக் கோயிலுக்குச் சென்றார். அதன் உட்பகுதியில் அநுமதிக்கப்பட்ட முதல் மேனாட்டார் அவரே என்பர். அக்டோபரில் கோட்டை மைதானத்தில் மாணவர்கள் நடத்திய விளையாட்டுப் போட்டிகளை ஊர்மக்களோடு நின்று பார்த்தார். மாதச் சம்பளம் 100 யென். உள்ளூர் உபாத்தியாயர் கனவிலும் காணாத தொகை. அதைக்கொண்டு துறைமுக நகரத்துத் துரைபோல் வாழ்ந்திருக்கலாம். அவரோ ஜப்பானிய உடை உடுத்திப் பாயில் அமர்ந்து நீண்ட குழாயில் புகையிலை பிடித்தார்.

அவ்வாண்டுக் குளிர் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1891ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொய்ஸுமி ஸெத்ஸு என்னும் இருபத்திரண்டு வயது நங்கை அவர் இல்லத்திற்கு வந்தாள். அவள் ஸாமுராய் என்னும் வீரர் குடியிற் பிறந்தவள். பழைய ஆட்சி மாறிய 1868க்குப் பின் அக்குடிகள் மானியமிழந்து வறுமையுற்றன. சிறு வயதிலேயே தறியில் அமர்ந்து நெய்து குடும்பத்தைத் தாங்கியவள், முதற்கணவனால் கைவிடப்பட்டவள். தாயை இழந்த மகனும், வாழ்விழந்த மகளும் சேர்ந்தமைத்த இல்லறம் அது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு ஜப்பானிய பாஷை இலக்கணத்தோடு என்றும் வரவில்லை. இருவருக்கும் இடையே வேற்றுமையுருபும் வினைவிகுதியும் உதிர்ந்துபோன ஒரு தனிப்பாஷை பிறந்தது. ஹெர்ன் ஐயாவின் பாஷை என்று வீட்டார் அதற்குப் பெயரிட்டனர். பிற்காலத்தில் உலகம் வியந்த பேய்க்கதைகளெல்லாம் அந்தக் கொச்சைப் பாஷையின் வழியாக வந்தவையே. இரவில் விளக்கைத் தணித்துவைத்து அவள் கதை சொல்வாள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க அவர் விடமாட்டார். அவள் கதையைத் தன்னுள் வாங்கிக்கொண்டு தன் சொல்லிலேயே சொல்லவேண்டும்.

குளிர் குறைந்த இடம் நாடி 1891 நவம்பரில் தெற்கேயுள்ள குமமோட்டோவுக்கு மாறினார். சம்பளம் இரட்டித்தது, பொறுப்பும் பெருகிற்று. ஸெத்ஸுவின் வளர்ப்புப் பெற்றோரும் பாட்டனாரும் அவரது குடும்பத்திலேயே வாழ்ந்தனர். 1893 நவம்பரில் மூத்த மகன் கஸுவோ பிறந்தான். மறு ஆண்டு அக்டோபரில் கோபே துறைமுகம் சென்று ஆங்கிலப் பத்திரிகையொன்றில் எழுதினார். சில மாதங்களிலேயே கண்நோய் அவ்வேலையை முடித்துவிட்டது. இவருடைய வாழ்வின் மாறுதல்கள் பலவும் சரத்காலத்தையே பற்றி வந்தமை கவனிக்கத்தக்கது.

கோபேயில்தான் அவர் பெரிய கேள்வியைச் சந்தித்தார். அது சட்டம் பற்றியது. ஆதலின் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். ஹெர்ன் ஸெத்ஸுவை ஆங்கிலக் கான்ஸல் முன் பதிவு செய்து மணந்தால், 1873ஆம் ஆண்டு ஜப்பானிய விதிப்படி அவள் தன் நாட்டுக் குடியுரிமையை இழப்பாள்; பிறந்த மண்ணிலேயே அந்நியளாவாள்; உள்நாட்டில் நிலமும் வீடும் வைத்துக்கொள்ள இயலாள். பதிவு செய்யாமல் விட்டாலோ, ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியல்லள், குழந்தை வாரிசல்லன். ஹெர்ன் திடீரென இறந்தால் அவர் பொருள் கடல்கடந்த உறவினரைச் சாரும். அவளும் குழந்தையும் தெருவில் நிற்க நேரும். இவ்விரண்டும் வேண்டாமெனின் வழி ஒன்றே: அவர் தம் பிரஜாவுரிமையைத் துறந்து மனைவியின் குடும்பத்தில் சுவீகாரம் புகுதல்.

அக்காலத்தில் ஆங்கிலப் பிரஜாவுரிமையைத் துறத்தலென்றால் கான்ஸல் கோர்ட்டின் பாதுகாப்பையும், உடன்படிக்கைகளின் சலுகையையும், தம் இனத்தாரின் மதிப்பையும் துறத்தலாகும். தந்தை சட்டத்தைக் கொண்டு தாயை விலக்கினார்; மகன் அதே சட்டத்தைக் கொண்டு தம்மைத் தம் மனைவியோடு பிணைத்துக்கொண்டார். 1896ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் கொய்ஸுமி யாகுமோ ஆனார். கொய்ஸுமி மனைவியின் குடிப்பெயர். யாகுமோ என்றால் எண்மேகம்; மத்ஸுயே அமைந்துள்ள இஸுமோ நாட்டுக்குப் பழங்கவிகள் வழங்கும் அடைமொழி. அந்நியர் கோர்ட்டுகள் ஒழிந்து ஜப்பான் முழு நீதியதிகாரம் பெற்றது 1899இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே, தாமாக, இவர் அந்த நீதிக்குக் கீழ்ப்பட்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில் டோக்கியோ ராஜாங்கச் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் போதிக்க அமர்ந்தார். குறிப்புகளின்றி, மாணவர் எழுதிக்கொள்ளும்படி நிதானமாய்ப் பேசுவார். அவர் இறந்தபின் அம்மாணவரின் குறிப்புகளே நூல்களாக வெளிவந்தன. ஏனைய ஆசிரியரோடு அதிகம் கலக்கவில்லை. வீட்டிற் புகுந்து உடை மாற்றியதும் மேசைக்குச் செல்வார். அந்த மேசை சாதாரண மேசைகளைவிட உயர்ந்தது. ஒற்றைக்கண் ஏறத்தாழ காகிதத்தைத் தொட எழுத வேண்டியிருந்தமையால் அவ்வாறு செய்வித்துக்கொண்டார். புகைக்குழாய்க்கு நெருப்புத் தீர்ந்தால் எனோஷிமாவில் வாங்கிய சங்கை எடுத்து ஊதுவார். வீட்டார் நெருப்புக் கொணர்வர். மூன்று புதல்வரும் கடைசியில் ஒரு புதல்வியுமாகக் குடும்பம் வளர்ந்தது. மூத்தவனுக்கு நாள்தோறும் தாமே ஆங்கிலம் கற்பித்தார். கோடையில் யாய்ஸு என்னும் செம்படவர் கடற்கரைக்குப் போய், மீன் விற்பவரொருவர் வீட்டு மாடியில் தங்கி நீந்துவார். ஆகஸ்டு முடிவில் டோக்கியோ திரும்புகையில் தோட்டத்தில் பூச்சிகளின் குரல் எழுந்திருக்கும்.

பாடும் பூச்சிகளைச் சிறு மூங்கிற் கூண்டிலிட்டு விலைக்கு விற்பது அந்நாட்டுப் பழைய வியாபாரம். நாம் கிளியை வளர்ப்பதுபோல் அவர்கள் பூச்சியை வளர்ப்பார்கள். அழகுக்கன்று, குரலுக்கே வாங்குவார்கள். சிறுமணி குலுங்குவது போல ஒலிக்கும் ஸுஸுமுஷி, பைன் மரத்தின் பெயர் பூண்ட மத்ஸுமுஷி, கொசுவளவே உள்ள குஸாஹிபாரி என்று அவை பலவகை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரில் தின்பண்டம் விற்றுத் திரிந்த ஏழை ஒருவன் பொழுதுபோக்காகப் பிடித்துவந்த பூச்சிகளை அண்டை வீட்டார் விலைக்குக் கேட்டதிலிருந்து இவ்வியாபாரம் அந்நகரில் தலையெடுத்தது. பின்னர் முட்டைகளை மண்ஜாடியில் இட்டுச் சூடான அறையில் வைத்து, பருவத்துக்கு முன்னரே பாடச்செய்யும் வித்தையும் கண்டனர். இச்செய்திகளையெல்லாம் திரட்டி, கூண்டின் விலை உட்பட, 1898இல் வெளியான நூலொன்றில் ஹெர்ன் எழுதிவைத்தார். அரசியலும் வர்த்தகமும் பற்றி எழுத ஆயிரம் மேனாட்டார் இருந்தனர். இராப்பூச்சி வியாபாரத்தின் சரித்திரத்தை எழுதியவர் இவரே.

1902இல் வெளிவந்த மற்றொரு நூலில் தம் வீட்டிலிருந்த ஒரு குஸாஹிபாரியின் கதையைச் சொல்கிறார். சூடேற்றிய அறையில், குளிர்காலம் வந்தும் சாகாமல், தான் கண்டறியாத துணையை அழைத்து அது இரவெல்லாம் பாடிற்று. அவர் வேலையில் ஆழ்ந்திருந்தபோது வேலைக்காரி உணவிட மறந்தாள். பசியால் தன் கால்களையே தின்றும் அது கடைசி வரை பாடி இறந்தது. கடிந்துகொண்ட பின், ஒரு நெல்லளவு ஜீவனுக்காக ஒரு நல்ல பெண்ணைப் புண்படுத்தினோமே என்று அவர் வருந்துகிறார். பூச்சியிடத்தும் வேலைக்காரியிடத்தும் ஒரே காலத்தில் இரங்கத் தெரிந்த மனம் அது. பிறநாட்டு வாழ்வைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு வேண்டிய முதல் யோக்கியதை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இத்தகைய மனிதரை அந்நாடு எவ்வாறு நடத்திற்று? 1903 ஜனவரியில் சர்வகலாசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: மார்ச்சு முடிவோடு அவர் சேவை தேவையில்லை. அந்நிய ஆசிரியரை நீக்கிச் சுதேசிகளை அமர்த்துவது அக்காலத்து ராஜாங்கக் கொள்கை. அக்கொள்கையில் நாம் குறை காணவில்லை. தன் பிள்ளைகளைத் தானே கற்பிக்க விரும்பாத தேசம் தேசமாகாது. இங்கிலாந்தில் கற்றுத் திரும்பிய நத்ஸுமே ஸோஸெகி, பிற்காலத்தில் ஜப்பானியப் புனைகதையின் தலைவராய் விளங்கியவர், அவரிடத்தில் அமர்ந்தவர்களுள் ஒருவர். குறை வேறிடத்திலிருக்கிறது. யாகுமோ அப்போது சட்டப்படி ஜப்பானியர். ஏழாண்டுக்கு முன் அந்நாட்டுப் பதிவேட்டில் ஏறியவர். வேலையில் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் அவர் முகத்தைப் பார்த்தார்களேயன்றிப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. மாணவர்கள் கிளர்ந்தெழுந்து அவரை நிறுத்திக்கொள்ள வேண்டினர். நேரத்தைக் குறைத்து வைத்துக்கொள்வதாகச் சர்வகலாசாலை சமரசம் பேசிற்று, அவர் இணங்கவில்லை. பிறந்த இனத்தார் அவரைச் சாதிவிட்டுப் போனவராகக் கண்டனர். புகுந்த நாட்டின் உத்தியோகஸ்தர் அந்நியராகவே கண்டனர். ஆயினும் அவர் தம் பெயரை மாற்றவுமில்லை, கப்பலேறவுமில்லை.

1904இல் வாஸெடா கலாசாலை அவரை அழைத்து ஆசிரியராக்கிற்று. அவ்வாண்டே பேய்க்கதை நூலாகிய க்வாய்தான் வெளிவந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி மார்வலி கண்டது. அந்நாட்களின் செய்திகளை ஸெத்ஸு அம்மையாரின் நினைவுக் குறிப்புகளால் அறிகிறோம். எழுதும் அறைக்கு முன்னிருந்த செர்ரி மரத்தில், வசந்தத்திற் பூக்க வேண்டிய மலர் பருவந்தப்பி மலர்ந்தது. அதைத் தீநிமித்தமென அம்மையார் அஞ்ச, அவர் அந்தப் பூவுக்கே இரங்கினார். வெயிலை நம்பி மலர்ந்துவிட்டது, குளிர் வந்தால் வாடுமே என்பது அவர் கவலை. கூண்டிலிருந்த மத்ஸுமுஷியின் குரலும் தளர்ந்திருந்தது. நெடுநாள் நமக்காகப் பாடிய பூச்சியை, வெப்பமுள்ள நாளொன்றில் புல்லிற் கொண்டுபோய் விட்டுவிடவேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். 26ஆம் தேதி, ருஷ்ய யுத்தத்திற் போர்முனையிலிருந்த பழைய மாணவர் ஒருவருக்கு அனுப்பப் புத்தகங்கள் தேர்ந்து கடிதமும் எழுதினார். அன்றிரவு உணவுக்குப் பின் மீண்டும் வலி கண்டு, சிறிது நேரத்தில் துன்பமின்றி உயிர் நீத்தார். வயது ஐம்பத்துநான்கு. பௌத்த முறைப்படி கிரியைகள் நடந்தன. ஸோஷிகாயா மயானத்தில் கொய்ஸுமி யாகுமோ என்னும் பெயரே அவர் கல்லறையில் நிற்கிறது.

அவரிடம் குறையில்லையென்று நாம் சொல்லவில்லை. பழைய ஜப்பானின்மேல் கொண்ட காதலால், புதிய ஜப்பானின் ஆலைகளையும் ஐரோப்பிய உடையையும் அவர் வெறுத்தார். தற்காப்புக்காக அவற்றை மேற்கொள்ளாத கீழ்நாடுகளின் கதி என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம். சாந்தமும் அழகுமே நிறைந்த தேசமாக அவர் தீட்டிய சித்திரத்தில், பிற்காலத்தில் கொரியாவிலும் சீனாவிலும் நடந்த ஆக்கிரமிப்பின் நிழல் இல்லை. காதலன் எழுதிய சித்திரத்தைச் சாட்சியின் வாக்குமூலமாகக் கொள்ளலாகாது.

ஆயினும் பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழப் பன்னிரண்டு நூல்களில் அவர் எழுதியவற்றில், தன் வீட்டு முற்றத்தில் தான் கவனியாது விட்ட பலவற்றை ஜப்பான் மீண்டும் கண்டுகொண்டது. மத்ஸுயேயில் அவர் குடியிருந்த வீடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பக்கத்தில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலையும் உண்டு. 1964இல் அவர் கதைகள் சலனப்படமாகவும் வந்தன. அந்நியர் புகழ்ச்சி எந்தத் தேசத்துக்கும் எளிதிற் கிடைக்கும்; விருந்துண்டவர் யாரும் புகழ்வர். தேசத்தின் சட்டத்துக்குத் தலைகொடுத்து, அதன் வறியோரைத் தம் குடும்பமாக்கி, அத்தேசமே தம்மைக் கைவிட்ட போதும் அதை விட்டகலாதிருந்தவரின் அன்புக்கே விலையுண்டு. வந்தேறியை எந்த அளவுகோலால் அளப்பதென்று ஐயுறும் தேசங்களுக்கு யாகுமோவின் வாழ்க்கை ஓர் அளவுகோல். தம்மை நம்பி வந்தவரை எவ்வாறு நடத்தலாகாதென்பதற்கு 1903ஆம் ஆண்டுக் கடிதம் மற்றோர் அளவுகோல்.